பூஜ்யத்தில் வளர்ந்தது

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் வெந்நீர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரிக்கோல், இடுக்கிகளைக் கழுவி, வேக வைத்து, துணியில் கட்டி அனுப்புகிற பிரிவில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. கையில் எது கிடைத்தாலும் அதன் தலையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாமல் விடமாட்டாள். கேன்டீனில் டீ சொன்னால் முதலில் டம்ளரை வெந்நீரில் அலசிக் காட்ட வேண்டும். டீக்காரர் அவள் தலையைக் கண்டதுமே கெட்டிலைத் தூக்கிவிடுவார். பட்டப்பெயரைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பாமல் போவாள்.

நான் அங்கேயே லேப். ரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று இருபத்தேழு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பிழைக்கிறவள். குடியிருப்பதும் ஒரே கட்டடம். அவர்கள் முதல் மாடி, நான் அதற்கு மேலே. லிஃப்ட் என்று ஒரு கூண்டு இருக்கிறது. அதில் கட்டடக் காவலாளி துடைப்பம் வைத்திருக்கிறார்.

அவள் புருஷன் கப்பலடி முங்குகிறவன். கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டால் கப்பல் வேகம் குறைந்துவிடும். தண்ணீருக்குள் போய் அதைச் சுரண்டி எடுப்பது அவன் வேலை. கூட்டாளிகள் அவனை முக்குளி என்பார்கள். புருஷன் கப்பலைச் சுரண்டுகிறான், பெண்டாட்டி கத்தியைச் சுரண்டுகிறாள், இந்தப் பொருத்தத்தை யார் பார்த்தது என்று நானே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், அறுந்து விழுந்த நங்கூரச் சங்கிலி ஒன்றைத் தேடி வழக்கத்தைவிட ஆழமாகப் போனான். காற்றுக் குழாயில் கோளாறு. மெல்ல மெல்ல ஏற வேண்டியவன் அடித்துப் பிடித்து மேலே வந்தான். ரத்தத்தில் காற்று குமிழாகி முதுகுத்தண்டைத் தாக்கி, இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு எட்டு மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். சாப்பிடு என்றால் வாயைத் திறப்பான். பேச்சு வராது. சக்கர நாற்காலி வாங்கி வைத்தார்கள். அதில் அவள் துவைத்த துணிகளை மடித்து வைத்தாள்.

அப்போதுதான் கூட்டாளிகள் நான்கு பேர் யாரையும் கேட்காமல் நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தூக்கி வந்து அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கேன் கேனாகக் கடல்நீர், வெள்ளை மணல், ஏழெட்டுப் பாறை, விரல்கள் போல அசைகிற ஒரு கடல் சாமந்தி, அதற்குள் ஒளிந்து விளையாடுகிற இரண்டு ஆரஞ்சு நிற மீன், ஒரு டஜன் நத்தை. மூன்றாம் நாள் அவன் புரண்டு படுத்தான். "அந்தப் பாறைய இப்பிடி வச்சா மண்ணு சரியும்" என்றான். வெந்நீர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதது எனக்குத்தான் தெரியும். எட்டு மாதத்தில் அவன் பேசிய முதல் வாக்கியம் அது. அதனால்தான் அந்தத் தொட்டிக்கு ஒன்று என்றால் அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

அந்த ஒன்று வந்தே விட்டது.

முதலில் மணல்மேல் லேசான பழுப்பு, டீத்தூள் சிந்தினது போல. பிறகு பாறைகளில் சளி மாதிரி இழை இழையாகத் தொங்கியது. இழைகளின் நுனியில் சின்னக் காற்றுக் குமிழ்கள். மீன்கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, புதுத் தொட்டியில் வருகிற பாசிதான், தானாகப் போய்விடும் என்றார். போகவில்லை. இன்னொரு வகைச் சளிப்பாசியாக இருக்கும் என்று ஒரு பொடி கொடுத்தார். அதற்கும் அசரவில்லை. நத்தைகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. சாமந்தி சுருங்கி ஒரு கைப்பிடி அளவுக்கு ஆனது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் படியேறும்போது கதவைத் திறந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"லேப் அக்கா, செருப்ப வெளிய விடுங்க. கைய கழுவுங்க. வந்து இத பாருங்க."

அந்த வீட்டுக்குள் நுழைவது ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைவது மாதிரி. தரையில் முகம் பார்க்கலாம். பினாயில் வாசனை மூக்கைப் பிடுங்கும். கட்டிலுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் வெள்ளைத் துணி. புருஷனுக்குப் படுக்கைப் புண் வந்துவிடக்கூடாது, வந்தால் கிருமி ஏறிவிடக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். கூட்டாளிகள் கடல்நீர்க் கேனை வாசலோடு வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். உள்ளே வர அனுமதி இல்லை. தொட்டி வைத்த நாளன்று வந்ததுதான் அவர்கள் கடைசியாக வந்தது.

முக்குளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எனக்குத் திக்கென்றது.

"எத்தனை நாளா?" என்று சைகையில் கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினாள்.

"நான் என்ன குறை வச்சேன் சொல்லுங்க," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி மாத்தறேன். வர்ற தண்ணிய காயத்துக்குக் கட்டற காஸ் துணிய மூணு மடிப்பாக்கி வடிகட்டறேன். மண்ண குழாய் போட்டு உறிஞ்சறேன். பாறைய டூத் பிரஷ்ஷால தேய்க்கறேன். மீனுக்கு வேளைக்கு ஆறு குருணை தீனிதான், எண்ணிப் போடறேன். ஒண்ணு மிஞ்சினாலும் சொட்டுக்குழாய்ல எடுத்துடறேன். அழுக்கு இழுக்கிற பை ஒண்ணு போடச் சொன்னாங்க, நான் ரெண்டு போட்டிருக்கேன். இதோ பாருங்க."

சுவரில் காலண்டர். மீன் கழிவும் தீனியும் கரைந்து தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேரும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. தினமும் பார்த்து எழுதியிருந்தாள். இரண்டு மாதத்துக்கும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளையின் அம்மா மாதிரி அதைத் தடவிக் காட்டினாள்.

"கடலே இவ்வளவு சுத்தமா இருக்காது அக்கா. இதுக்கு மேல என்ன செய்யறது? ஞாயித்துக்கிழமை லீவு. பெரிய அண்டா எடுத்து வச்சிருக்கேன். பாறை எல்லாத்தையும் வெளிய எடுத்து அடுப்புல கொதிக்க வச்சிடப் போறேன். அதோட இந்தச் சனியன் ஒழியும்."

"கொதிக்க வச்சா பாறையில இருக்கற எல்லாமே செத்துடும்."

சுவர்ப்பக்கம் இருந்து வந்தது அந்தக் குரல். வெந்நீர் பாய்ந்து கட்டிலருகே போனாள். அவன் திரும்பவில்லை.

"அக்கா, நீங்க கண்ணாடில பாக்கறவங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். இவ கேக்க மாட்டா. காலையில தொட்டி லைட்டு போடறதுக்கு முன்னால பாத்தா மண்ணு வெள்ளையா இருக்கு. ஒரு பொட்டு அழுக்கு கெடையாது. லைட்டு போட்டு ரெண்டு மணி நேரத்துல லேசா வருது. மத்தியானம் பாய் விரிச்ச மாதிரி ஆயிடுது. சாயங்காலம் லைட்ட அணைச்சா மறுபடி காணோம். தெனமும் இதே."

"நான் துடைக்கறதால போகுது" என்றாள் வெந்நீர்.

"நீ துடைக்காத அன்னிக்கும் போகுது. உனக்கு டபுள் டியூட்டி இருந்த அன்னிக்கு நான் பாத்தேன்." பிறகு என்னிடம் சொன்னான்: "இருபது வருஷம் பாசி சொரண்டியிருக்கேன் அக்கா. பச்ச, செவப்பு, மயிர் மாதிரி, தோல் மாதிரி, எல்லாம் பாத்திருக்கேன். ஒட்டின இடத்த விட்டு ஒரு அங்குலம் நகராது. இது எங்கயோ போயிட்டு வருது."

நடக்க முடியாத ஒருவன் நாளெல்லாம் படுத்துக்கொண்டு பார்த்ததை, ஓடி ஓடித் துடைத்தவள் பார்க்கவே இல்லை. சிறுநீர் பிடிக்கிற டப்பா ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கும். அதில் அந்தச் சளியைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் யாரும் இல்லை. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து மூடி, கண்ணை வைத்தேன். அழுக்கு, மணல்துகள், இல்லாவிட்டால் எதுவோ அழுகின நார் என்று நினைத்துத்தான் வைத்தேன்.

அம்மாடி!

ஒரு நகரமே இருந்தது. பூசணி விதை போல ஒரு முனை கூர்மையான உயிர்கள், நூறு நூறாக. ஒவ்வொன்றும் தங்க நிறம், விளக்கொளி ஊடுருவிப் போகிற தங்கம். கூர்முனையிலிருந்து ஒரு நூல் நீள்கிறது; அதைச் சளியில் எங்கோ மாட்டிக்கொண்டு, அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி ஆடுகின்றன. நிற்காமல், களைக்காமல். நான்கைந்து சேர்ந்து ஒரே முளையில் கட்டிய கன்றுகள் போலச் சுற்றுகிற இடமும் உண்டு. சில நூலை விட்டுவிட்டு நீந்திப் போய் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டு அங்கே சுற்ற ஆரம்பித்தன.

இருபத்தேழு வருடத்தில் அசைகிறது என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான்: நோய். ரிப்போர்ட்டில் எழுது, டாக்டரைக் கூப்பிடு, துண்டை மருந்துத் தண்ணீரில் போடு. அன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. இது யாருடைய வயிற்றிலும் இல்லை. தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துபோனேன். மறுபடி மறுபடி சொட்டு வைத்துப் பார்த்தேன். போனை மைக்ராஸ்கோப்பின் கண்ணில் வைத்து வீடியோ பிடித்து, என்னோடு படித்து இப்போது காலேஜில் கடல் தாவரம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அனுப்பினேன். வகுப்பு முடிந்ததும் ஒரு வரி பதில் வந்தது: குலுக்கி, வடிகட்டி, வெளிச்சத்தில் வை, மறுபடி கூடினால் எனக்குப் போன் பண்ணு, கையுறை இல்லாமல் தொடாதே.

ஞாயிறு காலை நான் கீழே போனபோது அண்டா அடுப்பின்மேல் ஏறிவிட்டிருந்தது.

"ஒரு மணி நேரம் குடு. அப்புறம் நீ அண்டால என்னையே போட்டு வேக வை," என்றேன்.

கண்ணாடி டம்ளர் ஒன்று கேட்டேன். அலசித்தான் கொடுத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு, சளியும் தண்ணீருமாக ஒரு பாட்டிலில் அடைத்து, கை வலிக்கக் குலுக்கினேன். பால் இல்லாத டீ போல ஆனது. அவளுடைய காஸ் துணியையே மூன்று மடிப்பாக மடித்து அதில் வடித்தேன். கட்டியெல்லாம் துணியில் நின்றுவிட்டது. டம்ளரில் லேசாக மங்கின தண்ணீர். கட்டிலுக்கு நேராக ஜன்னல் விளிம்பில் வெயில் படுகிற இடத்தில் வைத்தேன்.

"தண்ணி," என்றாள் வெந்நீர், கையைக் கட்டிக்கொண்டு. "வடிகட்டின தண்ணி. இதுல என்ன பாக்கறது?"

"உக்காரு."

"உக்காந்தா துணி யாரு ஊற வைப்பா?"

"ஏய், உக்காரேன்," என்றான் முக்குளி. தலையணையில் முழங்கையை ஊன்றி இந்தப்பக்கம் திரும்பியிருந்தான்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெந்நீர் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தாள். தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி ஆகும்போது டம்ளரின் நடுவில் சிலந்தி இழை போல ஒன்று தெரிந்தது. முதலில் என் கண்ணில்தான் பூச்சி பறக்கிறதோ என்று நினைத்தேன். இன்னொரு இழை அதனோடு சேர்ந்தது. மங்கலாக இருந்த தண்ணீர் பார்க்கப் பார்க்கத் தெளிந்தது. தெளியத் தெளிய இழை தடித்தது. ஒரு மணி நேரத்தில் டம்ளர் பளிங்காகிவிட்டது. அதன் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு முடிச்சு, நுனியில் ஒரு குமிழோடு, உருக்கொண்டு நின்றது.

சிதறடித்தோம், சல்லடையில் சலித்தோம். ஒன்றை ஒன்று தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப வந்து சேர்ந்துவிட்டன. கண்ணும் காதும் இல்லாத தூசிகள்.

"கூடிடுச்சு," என்றான் முக்குளி, மெதுவாக. "அக்கா, எல்லாம் கூடிடுச்சு பாருங்க."

போன் போட்டேன். எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். காலேஜ்காரி எடுத்தவுடனே கேட்டாள்: "கூடிச்சா?"

"ஒரு மணி நேரத்துல."

"அப்ப சந்தேகமே இல்ல. ஒத்தச் செல் உயிரு. வெளிச்சத்துல சமைச்சுச் சாப்பிடும், கெடச்சா அடுத்ததையும் புடிச்சுச் சாப்பிடும். செடியா பூச்சியான்னு என்னைக் கேக்காத, ரெண்டும்தான். இருட்டினா பிரிஞ்சு தண்ணில மெதக்கும், வெளிச்சம் வந்தா எறங்கிக் கூடும். சரி, தண்ணில நைட்ரேட் எவ்வளவு?"

வெந்நீர் போனருகே வந்து நிமிர்ந்து நின்றாள். "பூஜ்யம் மேடம்."

"பாஸ்பேட்?"

"பூஜ்யம். ரெண்டு மாசமா பூஜ்யம். எழுதி வச்சிருக்கேன்."

அந்தப்பக்கம் சிரிப்புச் சத்தம். "அதான் வந்திருக்கு. மத்த பாசி, பூச்சி, கிருமி எல்லாம் திங்க ஒண்ணும் இல்லாம செத்திருக்கும். ஒண்ணும் இல்லாத எடத்துலயும் பிழைக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். போட்டிக்கு ஆள் இல்ல, தொட்டி மொத்தமும் இதுக்குத்தான். இத்தன சுத்தமா யாரு வச்சது?"

முக்குளி வாயைப் பொத்திக்கொண்டான். நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தப் பைய எடுத்துடுங்க. தண்ணி மாத்தாதீங்க, மண்ண உறிஞ்சாதீங்க. தீனிய நிறைய போடுங்க, மிஞ்சினா மிஞ்சட்டும். மூணு நாள் தொட்டிய மூடி இருட்டாக்குங்க. கடல்லேருந்து பாசி புடிச்ச பாறையா ஒண்ணு, கழுவாம, அப்பிடியே உள்ள வைங்க. அதுல இருக்கற பூச்சி பொட்டெல்லாம் எறங்கட்டும். மெதுவாத்தான் சரியாகும். ஆங், முக்கியமா ஒண்ணு. இதுல சிலது விஷம். பாறைய யாரும் கொதிக்க மட்டும் வச்சுடாதீங்க. அந்த ஆவிய சுவாசிச்சா ஆள் ஆஸ்பத்திரிதான்."

சமையலறையில் அண்டாத் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெந்நீர் போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அழுக்கா இருக்குன்னு திட்டினா ஒத்துக்கலாம் அக்கா. சுத்தமா இருக்குன்னு திட்டறாங்களே. அந்தம்மா சிரிக்கறாங்க வேற."

"அவ எப்பவுமே அப்பிடித்தான் சிரிப்பா."

"நான் இல்லன்னா அந்த நத்தைங்க உயிரோட இருந்திருக்கும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. தேய்க்கறது, கொதிக்க வைக்கறது. அதுவும் தப்புன்னா நான் எத வச்சு அந்த மனுசனக் காப்பாத்துவேன்?"

பதில் உள்ளறையிலிருந்து வந்தது.

"ஏய், இங்க வா. என்னையும் பூஜ்யத்துலதான் வச்சிருக்க. ஆள் இல்ல, பேச்சு இல்ல, செருப்புச் சத்தம் இல்ல. எண்ணி எண்ணிப் போடற. என்மேலயும் பழுப்பு புடிக்கறதுக்குள்ள அந்தத் தடியன்களுக்குப் போன் பண்ணு. பாறை வேணும்ல?"

கேலியாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது முகத்தில் தெரிந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைக் கேட்டாள்.

அன்று சாயங்காலமே நான்கு பேரும் வந்தார்கள். ஈர வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, படியெல்லாம் சொட்டச் சொட்ட. வாசலில் வழக்கம்போல நின்றுவிட்டார்கள். "உள்ள வாங்க" என்று அவள் சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாளியில் இருந்தது துறைமுகத்துக்கு வெளியே, தெளிந்த கடல்நீரில் கிடந்த பாறை. பச்சை மயிர் அடர்ந்து, ஓட்டைக்கு ஓட்டை எதுவோ ஊர்ந்தது. ஒரு பொடி நண்டு தலையை நீட்டிவிட்டு உள்ளே ஓடியது.

"அண்ணி, நீங்களே போடுங்க," என்றான் மூத்தவன்.

கையுறை மாட்டிக்கொண்டாள். பாறையை எடுத்தவள் பழக்கத்தில் குழாயடிப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றாள். திரும்பி வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பாறையை அப்படியே தண்ணீருக்குள் இறக்கினாள். தொட்டி கலங்கியது.

மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடியிருந்தார்கள். அந்த மூன்று நாளும் கூட்டாளிகள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். பார்க்க ஒன்றும் இல்லாத தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கப்பலின் அடியில் என்ன இருந்தது, எவன் எந்தக் கேப்டனிடம் திட்டு வாங்கினான் என்று பேசித் தீர்த்தார்கள். மேல் மாடியில் எனக்குத் தூக்கம் போனது, சந்தோஷமாகப் போனது. வெந்நீர் பிளாஸ்கில் டீ போட்டு வைத்துவிட்டு வேலைக்கு வருவாள். நாலு மணிக்கு லேபுக்கு வந்து, "இப்ப வீட்டுத் தரை எப்பிடி இருக்கும்னு நெனச்சாலே கை துடைக்கற துணியத் தேடுது" என்பாள். ஆனாலும் அவர்களை வரவேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

போர்வையை எடுத்தபோது பழுப்பு பாதியாகியிருந்தது. அடுத்த வாரம் கண்ணாடியில் பச்சைப் படலம் பிடித்தது. காலண்டரில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஐந்து என்று எழுதினாள், யாரோ கையைப் பிடித்து எழுத வைத்தது போல. பொடி வெள்ளைப் பூச்சிகள் மணலில் குதித்தன. கடைசியாக மல்லாந்த மூன்று நத்தைகளில் ஒன்று மெல்ல நிமிர்ந்தது. சாமந்தி ஒருநாள் காலையில் கை விரித்தது. மீன் இரண்டும் அதற்குள் புரண்டன. பார்ப்பதற்குத் தொட்டி அசிங்கமாகத்தான் இருந்தது. அதற்குள் அத்தனை உயிர் இருந்தது.

ஐந்தாம் வாரம் ஒருநாள், நான் படியிறங்கும்போது முக்குளி உள்ளேயிருந்து கத்தினான்.

"அக்கா! அது போகுது. இன்னும் ரெண்டு நாள்ல ஒண்ணுகூட இருக்காது போல."

"நல்லதுதானே தம்பி."

"நல்லதுதான். ஆனா நான் இன்னும் பாக்கலையே. போன்ல காட்டினது பொம்ம மாதிரி இருக்கு. கண்ணு வச்சுப் பாக்கணும். அது போறதுக்குள்ள ஒரு தடவ."

வெந்நீர் சீப்பும் கையுமாக நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த நாளுக்குப் பிறகு அவன் அந்த வாசலைத் தாண்டவில்லை. பிசியோதெரபிக்குக்கூட வரமாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தவன். அவள் போய், நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துத் தரையில் போட்டாள். தரையில்! நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இழை கிடைக்கவில்லை. இரண்டு மாதம் தேய்த்துத் தேய்த்துச் சபித்தவள், டார்ச்சை அடித்துக்கொண்டு தொட்டிக்குள் அதைத் தேடினாள்.

"இங்க இல்ல. பாறைக்கு அடியில? இல்லையே. ஏங்க, நேத்து இங்கதானே பாத்தீங்க? ஐயோ, எல்லாம் போயிடுச்சா? லேப் அக்கா, நீங்க அந்தப்பக்கம் பாருங்க."

"தண்ணிய ஓட்டற மோட்டாருக்குப் பின்னால பாரு," என்றான் அவன். "அங்க ஓட்டம் கம்மி. நானா இருந்தா அங்கதான் ஒளிவேன்."

அங்கேதான் இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. கையுறை விரலால் எடுத்து, நான் நீட்டிய டப்பாவுக்குள் விட்டாள். அத்தனை பத்திரமாக எந்த நர்ஸும் என்னிடம் சாம்பிள் கொடுத்ததில்லை.

அவள் போன் பண்ணியதும் கூட்டாளிகள் வந்து நாற்காலியோடு அவனைத் தூக்கிப் படியிறக்கினார்கள். தெருவுக்கு வந்ததும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு நிமிஷம் இருங்க என்றான். நின்றோம். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அட, எங்கய்யா கெளம்பிட்ட?" என்றார். "ஒருத்தரப் பாக்க," என்றான் இவன்.

சாப்பாட்டு நேரம்தான். லேபின் மேஜை உயரத்துக்கு நாற்காலி சரியாக வந்தது. கண்ணாடித் துண்டை வைத்துத் தெளிவாக்கிவிட்டு நகர்ந்தேன். அவன் கண்ணை வைத்தான்.

வாசலில் கூட்டாளிகள் நான்கு பேரும் தோளில் தோள் இடிக்க நின்றார்கள். வெந்நீர் அவன் முதுகுக்குப் பின்னால். ஐந்து நிமிஷம் இருக்கும். அவன் அசையவில்லை. மூச்சு விடுகிறானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. தண்ணீருக்குள் இருக்கிறபோது அப்படித்தான் இருந்திருப்பான் போல.

"தம்பி, தெரியுதா?"

கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினான்.

"இதையெல்லாமா அக்கா நான் இருபது வருஷமா சொரண்டிப் போட்டேன்?"

எல்லாம் இதுவாக இருக்காது, வேறு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவன் கன்னம் நனைந்திருந்தது.

"நகருங்க. நானும் பாக்கணும்," என்றாள் வெந்நீர். அவன் நகரவில்லை. தோளைப் பிடித்து இழுத்துவிட்டுத் தான் குனிந்தாள். முதலில் தன் கண்ணிமையைத்தான் பார்த்திருப்பாள், எல்லோரும் அப்படித்தான். பிறகு அவள் கை மேஜை விளிம்பை இறுகப் பற்றியது. சுற்றுகின்றன, தங்கமாக, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி.

"லேப் அக்கா," என்றாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு."

கூட்டாளிகளும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். மணி இரண்டு ஆனது. வெளியே ரத்தம் கொடுக்க ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள். லேபில் ஒரு விதி உண்டு: பார்த்து முடித்ததை ப்ளீச்சில் ஊற்றிவிட வேண்டும். பாட்டிலை எடுத்துக்கொண்டு டப்பாவுக்குக் கையை நீட்டினேன். வெந்நீர் உள்ளங்கையால் அதன் வாயை மூடினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூடியை எடுத்து இறுகத் திருகி, டப்பாவைப் புருஷன் மடியில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களிடம் வழி விடச் சொல்லிக்கொண்டே போனாள்.